பழைய புத்தகப் பக்கத்தைத் துலக்குதல்: பிக்சல் மதிப்புகளைப் படிக்கவும் மாற்றவும் ஒரு முழுமையான வழிகாட்டி

ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் அச்சான ஒரு தமிழ்ப் புத்தகத்தை ஸ்கேன் செய்தால், தாள் பழுப்பேறியும், மை சில இடங்களில் மங்கியும், பின்பக்கத்து எழுத்துகள் நிழலாக ஊடுருவியும், ஓரங்களில் ஈரக்கறை படிந்தும் இருக்கும் ஒரு படமே நமக்குக் கிடைக்கும். இவற்றைச் சீர்செய்யும் மென்பொருள்கள் பல உள்ளன. ஆனால் அவை உள்ளே என்ன செய்கின்றன என்பதை அறியாமல் ஒரு பொத்தானை அழுத்தினால், கறையோடு எழுத்தும் சேர்ந்து போய்விடக்கூடும். தமிழில் இந்த ஆபத்து மிகுதி. மெய்யெழுத்தின் தலைமேல் நிற்கும் புள்ளியும் தாளில் ஒட்டிய தூசும் கணினியின் பார்வையில் ஏறக்குறைய ஒன்றே. அந்தப் புள்ளி அழிந்தால் ‘பட்டம்’ என்ற சொல் ‘படடம’ ஆகிவிடும். முதன்முதலில் ஒரு பழைய செய்யுள் நூலின் பக்கங்களை நான் துலக்கியபோது தூசு முழுவதும் நீங்கியது. கூடவே மெய்ப்புள்ளிகளில் பலவும் நீங்கின. நாற்பது பக்கங்கள் முடித்த பிறகே அதைக் கவனித்தேன். ஆகவே இந்த வழிகாட்டி, ஒரு படத்தை ஆக்கும் மிகச் சிறிய கட்டங்களான பிக்சல்களை நிரல் வழியே படித்து மாற்றும் முறையைத் தொடக்கத்திலிருந்து விளக்குவதோடு, புள்ளியைக் காப்பாற்றுவதையும் இறுதிவரை கண்ணில் வைத்திருக்கிறது.

மாறிகள், மடக்குகள், எண் பட்டியல்கள் ஆகியவற்றைப் பற்றிய அடிப்படை அறிவு வாசகருக்கு இருந்தால் போதும். கணக்குகளைத் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். அவற்றை எந்த நிரல்மொழியிலும் எழுதிக்கொள்ளலாம். நூலகங்களை, அதாவது ஆயத்த நிரல் தொகுப்புகளைப் பற்றிக் கூறும் இடங்களில் பைத்தான் மொழியின் பில்லோ, நம்பை, ஓபன்சிவி ஆகிய மூன்றையும் மனத்தில் கொண்டிருக்கிறேன்.

கையால் ஒரு படம் எழுதுதல்

எந்த நூலகத்தையும் நிறுவுவதற்கு முன் ஒரு படத்தைக் கையால் எழுதிப் பார்ப்பது நல்லது. பிஜிஎம் என்ற கோப்பு வடிவம் இதற்கு மிகவும் ஏற்றது. ஜெஃப் பாஸ்கன்சர் 1980களில் உருவாக்கிய எளிய பட வடிவங்களின் குடும்பத்தைச் சேர்ந்தது அது. அதன் ஒரு வகையில் படம் முழுவதும் சாதாரண எண்களாக, நாம் படிக்கக்கூடிய உரையாகவே இருக்கும்.

உரைத் திருத்தி ஒன்றைத் திறந்து, முதல் வரியில் ஆங்கிலப் பெரிய எழுத்தான ‘பி’யையும் அதை ஒட்டி 2 என்ற எண்ணையும் இடைவெளியின்றி எழுதுங்கள். அதன் கீழே பின்வருவனவற்றை அப்படியே எழுதுங்கள்.

7 8
255
230 230 230 230 230 230 230
230 230 230 40 230 230 230
230 230 230 230 230 230 230
230 40 230 230 230 230 230
230 40 230 230 230 230 230
230 40 230 230 230 230 230
230 40 40 40 40 40 230
230 230 230 230 230 230 230

முதலில் உள்ள 7, 8 ஆகியவை அகலமும் உயரமும் ஆகும். 255 என்பது இந்தப் படத்தில் வெள்ளைக்கு உரிய மதிப்பு, 0 கருப்பு. அடுத்து வருபவை 56 பிக்சல்களின் மதிப்புகள். கோப்பைப் பிஜிஎம் என்ற பின்னொட்டோடு சேமித்து, ஜிம்ப் போன்ற ஒரு மென்பொருளில் திறந்து நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். வெளிர்ந்த தாளின்மேல் ‘ட்’ என்ற எழுத்து தெரியும். இப்போது இரண்டாம் வரிசையிலுள்ள 40ஐ 230 என்று மாற்றிச் சேமித்து மறுபடியும் திறந்தால் அது ‘ட’ ஆகியிருக்கும். 56 எண்களில் ஒன்றே மாறியது, எழுத்தே வேறாகிவிட்டது. பிக்சல் மதிப்பை மாற்றுவது என்பது அடிப்படையில் இவ்வளவுதான். மற்றவையெல்லாம் எந்த எண்ணை மாற்றுவது, என்னவாக மாற்றுவது, மாற்றியது உண்மையில் அப்படியே பதிவாயிற்றா என்ற மூன்று கேள்விகளுக்குள் அடங்கும்.

பிக்சலின் முகவரி

பள்ளிக் கணக்கில் கிடையாக இருப்பதை நிரை என்றும் நெடுக இருப்பதை நிரல் என்றும் படித்திருப்போம். கணினித் தமிழில் நிரல் என்ற சொல் வேறொரு பொருளுக்கு நிலைத்துவிட்டதால், இங்கே வரிசை, நெடுவரிசை என்ற சொற்களையே கையாளுகிறேன்.

எண்ணுவது 0இலிருந்து தொடங்குகிறது. தொடக்கப் புள்ளி மேல் இடது மூலை. அதன்படி மேலே நாம் மாற்றிய புள்ளி வரிசை 1, நெடுவரிசை 3 என்ற இடத்தில் இருக்கிறது. நினைவகத்திலோ வரிசைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே நீண்ட பட்டியலாகக் கிடக்கின்றன. எனவே இடத்தைக் கணக்கிடும் முறை இது.

இடம் = வரிசை × அகலம் + நெடுவரிசை

1 × 7 + 3 = 10. பட்டியலின் 10ஆம் இடத்தில், அதாவது எண்ணிக்கையில் பதினொன்றாவதாக, அந்த 40 இருக்கிறது. விரல் வைத்து எண்ணிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நூலகங்களுக்குள் இந்த முகவரியைச் சொல்லும் ஒழுங்கு ஒன்றுபோல் இல்லை என்பதே தொடக்கநிலையில் பலரையும் தடுமாறச் செய்யும் செய்தி. பில்லோவில் ஒரு பிக்சலைக் கேட்கும்போது நெடுவரிசையை முதலிலும் வரிசையை அடுத்தும் தர வேண்டும். படத்தின் அளவையும் அது அகலம், உயரம் என்ற ஒழுங்கில் சொல்லும். நம்பையிலும், அதன் பட்டியல்களையே பயன்படுத்தும் ஓபன்சிவியிலும் வரிசை முதலில், நெடுவரிசை அடுத்து. அளவும் உயரம், அகலம் என்றே வரும். சதுரமான படத்தை வைத்துச் சோதித்தால் இந்தப் பிழை வெளியே தெரியாமலே போகும், ஏனெனில் எந்த முகவரியும் எல்லையைத் தாண்டாது. அகலமும் உயரமும் வேறுபட்ட, எப்படித் திருப்பினாலும் தன்னைப்போல் தோன்றாத ஒரு படத்தையே சோதனைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். நம்முடைய 7க்கு 8 அளவுள்ள ‘ட்’ அதற்காகவே அப்படி அமைக்கப்பட்டது.

பைத்தானில் இன்னொரு மறைவான பள்ளம் உண்டு. எல்லைக்கு வெளியே 7ஆம் நெடுவரிசையைக் கேட்டால் பிழைச் செய்தி வரும். ஆனால் −1ஆம் நெடுவரிசையைக் கேட்டால் அது பிழையாகக் கொள்ளப்படாமல், கடைசி நெடுவரிசையின் மதிப்பு வந்துவிடும். இடது ஓரத்துப் பிக்சல் தன் இடப்பக்கத்து அண்டையைத் தேடும்போது, பக்கத்தின் வலது ஓரத்திலிருந்து ஒரு மதிப்பை எடுத்துக்கொண்டுவரும் என்பது இதன் பொருள். ஓரங்களைத் தனியாகக் கையாளும் வரிகளை நிரலில் எழுதியே ஆக வேண்டும்.

வண்ணப் படத்தில் ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள்.

இடம் = (வரிசை × அகலம் + நெடுவரிசை) × 3 + நிறத்தின் எண்

நிறங்களின் ஒழுங்கு பில்லோவில் சிவப்பு, பச்சை, நீலம். ஓபன்சிவியில் நீலம், பச்சை, சிவப்பு. பழுப்பேறிய தாளின் மதிப்பு 214, 189, 148 என்று வைத்துக்கொள்வோம். ஒரு நூலகத்தில் படித்து மற்றொன்றில் ஒழுங்கு மாற்றாமல் காட்டினால் அது 148, 189, 214 ஆகி, பழைய தாள் வெளிர்நீலமாகத் தோன்றும். இந்த நீலத்தைக் கண்டவுடன் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

பிஎம்பி கோப்புகளை நேரடியாக, பைட் பைட்டாகப் படிப்பவர்கள் இன்னும் இரண்டு செய்திகளை அறிந்திருக்க வேண்டும். அந்த வடிவத்தில் வழக்கமாகக் கடைசி வரிசைதான் முதலில் எழுதப்பட்டிருக்கும். மேலும் ஒவ்வொரு வரிசையின் நீளமும் 4இன் மடங்காக இருக்கும்படி இறுதியில் வெற்றுப் பைட்டுகள் சேர்க்கப்பட்டிருக்கும். 7 பிக்சல் அகலமுள்ள வண்ணப் படத்துக்கு ஒரு வரிசைக்கு 21 பைட்டுகளே தேவை; கோப்பிலோ 24 இருக்கும். இதைக் கணக்கில் கொள்ளாவிட்டால் ஒவ்வொரு வரிசையும் சற்றே நகர்ந்து, படம் முழுவதும் சாய்ந்து போகும்.

கோப்பைத் திறந்தவுடன் செய்ய வேண்டியவை

ஒரு பக்கத்தைத் திறந்தவுடன் மாற்றத் தொடங்கிவிடக் கூடாது. அகலம், உயரம், ஒரு பிக்சலுக்கு எத்தனை எண்கள், ஒவ்வொரு எண்ணும் எத்தனை பிட் (எண்ணைச் சேமிக்கும் இரும இலக்கங்கள்), படத்திலுள்ள மிகச் சிறிய மதிப்பு, மிகப் பெரிய மதிப்பு ஆகியவற்றை அச்சிட்டுப் பாருங்கள். ஏ4 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற அளவில் ஸ்கேன் செய்தால் 2480க்கு 3508 என்று வர வேண்டும். அதாவது ஏறத்தாழ 87 லட்சம் பிக்சல்கள். மிகப் பெரிய மதிப்பு 255ஐத் தாண்டினால் அது 16 பிட் ஸ்கேன். வெறும் 0, 1 ஆகியவை மட்டும் இருந்தால் அது ஏற்கெனவே கருப்பு வெள்ளையாக்கப்பட்டது. சில பிஎன்ஜி, ஜிஃப் கோப்புகளில் பிக்சலில் இருக்கும் எண் ஒளியின் அளவன்று. நிறப் பட்டியலில் எத்தனையாவது நிறம் என்பதையே அது குறிக்கும். அத்தகைய படத்தில் அந்த எண்ணோடு 10ஐக் கூட்டினால் படம் வெளிச்சமாகாது, வேறு ஏதோ ஒரு நிறமாக மாறும். அதை முதலில் முழு வண்ணப் படமாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. விண்டோஸ் கணினியில் ஓபன்சிவியின் பட வாசிப்புச் செயற்கூறு (ஃபங்ஷன்), தமிழ் எழுத்துகள் கொண்ட கோப்புப் பெயர்களைத் திறக்க முடியாமல் போவதுண்டு. அப்போது பைத்தானில் நிரல் நின்றுவிடாது. வெறுமை என்ற மதிப்பு மட்டும் திரும்பி வரும், பிழை பல வரிகள் கழித்துத் தொடர்பில்லாத ஓர் இடத்தில் வெடிக்கும். கோப்பை நம்பையின் மூலம் வெறும் பைட்டுகளாகப் படித்து, அந்தப் பைட்டுகளை ஓபன்சிவியிடம் கொடுத்து விரிக்கச் சொல்வது இதற்கு நேர்த்தியான வழி. நம் நூல்களின் பெயரை நம் எழுத்திலேயே வைத்துக்கொள்ளும் வசதியை இதற்காக விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

வேலை நடக்கும் வரையில் ஜேபெக் வடிவத்தில் சேமிக்காதீர்கள். 1992இல் தரப்படுத்தப்பட்ட அந்த வடிவம் படத்தை 8க்கு 8 கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுணுக்கங்களைக் குறைத்துச் சுருக்குகிறது. ஆகவே நீங்கள் 40 என்று எழுதிய இடத்தில் திறந்து பார்த்தால் 46 இருக்கலாம். அதன் அருகில் நீங்கள் தொடவே தொடாத பிக்சல்களும் மாறியிருக்கும். எழுத்தின் கூர்மையான விளிம்புகளைச் சுற்றிச் சாம்பல் அலைகள் தோன்றுவதும் இதனால்தான். ஒவ்வொரு முறை திறந்து திருத்திச் சேமிக்கும்போதும் இழப்பு கூடும். பிஎன்ஜி அல்லது இழப்பின்றிச் சுருக்கப்பட்ட டிஃப் வடிவத்தில் எழுதிய எண் எழுதியபடியே இருக்கும். மூல ஸ்கேன் கோப்பின்மேல் எதையும் எழுதக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன்.

மூன்று எண்களை ஒன்றாக்குதல்

எழுத்தைத் தாளிலிருந்து பிரிக்க ஒரு பிக்சலுக்கு ஓர் எண் போதும். வழக்கமான கணக்கு இது.

சாம்பல் = 0.299 × சிவப்பு + 0.587 × பச்சை + 0.114 × நீலம்

மனிதக் கண் பச்சையின் வெளிச்சத்தைக் கூடுதலாகவும் நீலத்தின் வெளிச்சத்தைக் குறைவாகவும் உணர்வதால் இந்த எடைகள் வந்தன. மேலே சொன்ன தாள் 192 ஆகும். அதில் 190, 150, 95 என்ற மதிப்புள்ள ஒரு பழுப்புக் கறை இருந்தால் அது 156 ஆகும். தாளுக்கும் கறைக்கும் இடையே 36 வேறுபாடு.

ஆனால் நாம் ஒளிப்படம் எடுக்கவில்லை. கறையைப் பார்க்காமல் மையை மட்டும் பார்க்க விரும்புகிறோம். அப்படியானால் சிவப்பு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுங்கள். மஞ்சள், பழுப்புக் கறைகள் நீல ஒளியையே மிகுதியாக விழுங்குகின்றன. சிவப்பில் அவை ஏறக்குறையத் தாளைப் போலவே வெளிச்சமாக இருக்கும். மேலே உள்ள எண்களில் தாள் 214, கறை 190, வேறுபாடு 24தான். நீலத்தில் அதுவே 53. கருப்பு மையோ மூன்றிலும் இருண்டே இருக்கும். எடைகளுக்காகச் செலவிடும் கணக்கையும் மிச்சப்படுத்தி, மேலான விளைவையும் தரும் இந்த வழியை நான் பழைய புத்தகங்களுக்கு எப்போதும் முதலில் முயன்று பார்க்கிறேன். சிவப்பு மையில் அச்சிட்ட தலைப்புகளோ நூலக முத்திரையோ இருக்கும் பக்கத்தில் மட்டும் இதைத் தவிர்க்க வேண்டும். அவை சிவப்பில் மறைந்துவிடும்.

எண் தளும்பும் இடம்

8 பிட் கொண்ட பெட்டியில் 0 முதல் 255 வரையிலான எண்களே கொள்ளும். 200 என்ற பிக்சலை 100 அளவு வெளிச்சமாக்கினால் 300 வர வேண்டும்; பெட்டியில் இடமில்லாததால் 256 கழிந்து 44 என்று பதிவாகும். 20இலிருந்து 50ஐக் கழித்தால் 226. வெளிச்சமாக்கிய பக்கத்தில் வெள்ளைத் தாளின் நடுவே கரிய திட்டுகள் தோன்றுவது இதனால்தான். முழுப் படத்தின்மீது கணக்கிடும்போது இப்படி நேர்ந்தால் நம்பை எந்த எச்சரிக்கையும் தருவதில்லை. ஓபன்சிவியின் கூட்டல் செயற்கூறு 255இல் நிறுத்திவிடும். ஒரே நிரலில் இரண்டையும் கலந்து எழுதுபவர்கள் எந்த வரியில் எது கூட்டுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

பின்பற்ற வேண்டிய ஒழுங்கு மாறாதது. முதலில் மதிப்புகளைப் பெரிய பெட்டிக்கு, அதாவது குறியுள்ள (0க்குக் கீழான எண்களையும் ஏற்கும்) 16 பிட் முழு எண்ணுக்கோ தசம எண்ணுக்கோ மாற்ற வேண்டும். (முழுப் பெருக்கல்கள் வரும் கணக்கில் தசம எண்ணே பாதுகாப்பு, 200 × 255 என்பதே 16 பிட் எல்லையான 32767ஐத் தாண்டிவிடும்.) பிறகு கணக்கிட வேண்டும், பிறகு 0க்குக் கீழானதை 0 என்றும் 255க்கு மேலானதை 255 என்றும் ஆக்க வேண்டும், பிறகு அருகிலுள்ள முழு எண்ணுக்குத் திருத்த வேண்டும், கடைசியில்தான் 8 பிட்டுக்குத் திரும்ப வேண்டும். திருத்தும் படியை விட்டுவிட்டால் 191.8 என்பது 192 ஆகாமல் 191 ஆகிவிடும்.

மங்கிய மையையும் பழுத்த தாளையும் விரித்துக் காட்டும் கணக்கை இந்த ஒழுங்கில் செய்து பார்க்கலாம்.

புதியது = (பழையது − மை) × 255 ÷ (தாள் − மை)

மை 70, தாள் 205 என்றால் 70 என்பது 0 ஆகும், 205 என்பது 255 ஆகும், இடையிலுள்ள 137 என்பது 127 ஆகும். 205க்கு மேலிருந்தவை 255ஐத் தாண்டும். அவற்றை நிறுத்த வேண்டும். மையின் மதிப்பையும் தாளின் மதிப்பையும் கண்டறிய, 256 அறைகள் கொண்ட ஒரு பட்டியலை வைத்து, ஒவ்வொரு மதிப்பும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். இதுவே ஹிஸ்டோகிராம். அச்சிட்ட பக்கத்தில் தாளுக்குரிய உயரமான முகடு ஒன்றும், மைக்குரிய தாழ்ந்த முகடு ஒன்றும் தெரியும். படத்தின் மிகச் சிறிய, மிகப் பெரிய மதிப்புகளை மை, தாள் என்று கொள்வது தவறு. ஒரே ஒரு தூசுப் பிக்சல் முழுப் பக்கத்தின் கணக்கையும் தீர்மானித்துவிடும்.

உள்ளே வரக்கூடிய மதிப்புகள் 256தான் என்பதால், இந்தக் கணக்கை 87 லட்சம் முறை செய்யத் தேவையில்லை. 256 மதிப்புகளுக்கும் விடையை ஒருமுறை கணக்கிட்டுப் பட்டியலாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பிக்சலுக்கும் பட்டியலைப் பார்த்தால் போதும். பைத்தானில் பிக்சல் பிக்சலாக மடக்கில் சுற்றினால் ஒரு பக்கத்துக்கே நெடுநேரம் ஆகும். நம்பையில் இந்தப் பட்டியலின் மீது முழுப் படத்தையும் ஒரே கட்டளையாகக் கொடுத்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். ஆயினும் முதல் சில நாள்கள் மடக்கிலேயே, நம் 7க்கு 8 படத்தின் மீது எழுதிப் பழகுவது நல்லது. கணக்கு கைக்கு வந்த பிறகு வேகம் தானாக வரும்.

மையா, தாளா?

இப்போது ஒவ்வொரு பிக்சலும் மையா, தாளா என்று தீர்மானிக்க வேண்டும். 1957இல் அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய அமைப்பில் ரஸ்ஸல் கிர்ஷும் உடன் பணியாற்றியோரும் தம் வருடியால் (ஸ்கேனரால்) கணினிக்குள் கொண்டுவந்த முதல் படமே இந்தக் கேள்வியோடுதான் தொடங்கியது. கிர்ஷின் குழந்தையின் அந்தப் படம் 176க்கு 176 பிக்சல்கள் கொண்டது. கருவியால் ஒவ்வொரு இடமும் கருப்பா வெள்ளையா என்று மட்டுமே சொல்ல முடிந்தது. வெவ்வேறு வரம்பு மதிப்புகளில், அதாவது கருப்பையும் வெள்ளையையும் பிரிக்கும் எல்லைகளில், பலமுறை வருடி, அவற்றை ஒன்றன்மேல் ஒன்று சேர்த்தே அவர்கள் சாம்பல் நிறங்களைப் பெற்றார்கள்.

முழுப் பக்கத்துக்கும் ஒரே வரம்பு மதிப்பு போதும் என்றால், ஜப்பானைச் சேர்ந்த நொபுயுகி ஓட்சு 1979இல் வெளியிட்ட முறை அதைத் தானாகவே கண்டுபிடித்துத் தரும். ஒவ்வொரு வரம்பு மதிப்புக்கும் பிக்சல்களை இரண்டு குழுக்களாகப் பிரித்து, முதல் குழுவின் பங்கு × இரண்டாம் குழுவின் பங்கு × இரு சராசரிகளின் வேறுபாட்டின் வர்க்கம் என்ற எண் எங்கே மிகப் பெரிதாகிறதோ அந்த இடத்தைத் தேர்வது அதன் சாரம். ஹிஸ்டோகிராம் கையில் இருந்தால் இது சில வரிகளில் முடியும் கணக்கு.

ஆனால் கட்டுப் பிரிக்காத புத்தகத்தில் முதுகின் பக்கம் இருண்டும் வெளி ஓரம் வெளிச்சமாகவும் இருக்கும். முதுகின் அருகிலுள்ள இருண்ட தாள், வெளி ஓரத்திலுள்ள மங்கிய மையைவிடக் கருமையாக இருக்கும் நிலையில் எந்த ஒற்றை வரம்பு மதிப்பும் உதவாது. அங்கே ஒவ்வொரு பிக்சலையும் அதன் சுற்றுப்புறத்தோடுதான் ஒப்பிட வேண்டும். அதை நடுவாகக் கொண்ட 51க்கு 51 சதுரத்தின் சராசரியை எடுத்து, அந்தப் பிக்சல் சராசரியின் 85 விழுக்காட்டைவிடக் குறைவாக இருந்தால் மை, இல்லாவிட்டால் தாள் என்று கொள்ளலாம். 300 புள்ளி ஸ்கேனில் அந்தச் சதுரம் நான்கு மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதல். 85 என்பது தொடக்க மதிப்புதான். பின்பக்கத்து எழுத்து ஊடுருவித் தெரிந்தால் குறைக்க வேண்டும், மங்கிய மை உடைந்தால் கூட்ட வேண்டும்.

நேரடியாகச் செய்தால் இதற்கு 2,262 கோடிக் கூட்டல்கள் தேவைப்படும். அதைத் தவிர்க்க முதலில் ஒரு கூட்டுப்படம் அமைத்துக்கொள்ளுங்கள். அதன் ஒவ்வோர் இடத்திலும், மூலப் படத்தில் அந்த இடத்தையும் சேர்த்து, அதற்கு மேலும் இடப்புறமும் உள்ள எல்லாப் பிக்சல்களின் கூட்டுத்தொகை இருக்கும். பிறகு எந்தச் செவ்வகத்தின் தொகையும் நான்கு எண்களில் கிடைத்துவிடும்.

தொகை = கீழ் வலது − மேல் வலது − கீழ் இடது + மேல் இடது

இதில் மேல், இடது என்பவை செவ்வகத்துக்கு ஒரு பிக்சல் வெளியே உள்ள இடங்கள். மேல் இடது மூலை இருமுறை கழிக்கப்பட்டுவிடுவதால் ஒருமுறை திரும்பக் கூட்டப்படுகிறது. தளும்பும் ஆபத்து இங்கேயும் உண்டு. ஏ4 பக்கம் முழுவதும் வெள்ளையாக இருந்தால் கடைசி இடத்தின் தொகை 221 கோடியே 84 லட்சத்தைத் தாண்டும். குறியுள்ள 32 பிட் எண்ணின் எல்லையோ 214 கோடியே 74 லட்சம்தான். கூட்டுப்படத்துக்கு 64 பிட் எண்ணையே பயன்படுத்துங்கள். சிறிய சோதனைப் படங்களில் சரியாக ஓடிய நிரல், உண்மையான பக்கத்தின் கீழ் வலது மூலையில் மட்டும் குழம்பினால் காரணம் பெரும்பாலும் இதுவே.

தூசை நீக்குதல், புள்ளியைக் காத்தல்

தூசை நீக்க எல்லோரும் முதலில் கைவைப்பது இடைநிலை அளவு வடிகட்டி. ஒரு பிக்சலையும் அதன் எட்டு அண்டைகளையும் வரிசைப்படுத்தி, நடுவில் வரும் ஐந்தாவது மதிப்பை அந்தப் பிக்சலுக்குக் கொடுப்பது அதன் முறை. கருப்பு வெள்ளைப் படத்தில் இது ஒரு வாக்கெடுப்பு. ஒன்பதில் ஐந்து மையாக இருந்தால்தான் அந்த இடம் மையாக நீடிக்கும். விடைகளை வேறொரு புதிய படத்தில் எழுத வேண்டும். படிக்கும் படத்திலேயே எழுதினால், அடுத்த பிக்சல் தன் அண்டையின் பழைய மதிப்புக்குப் பதில் மாறிய மதிப்பைப் படித்துவிடும்.

இந்த வாக்கெடுப்பில் மெய்ப்புள்ளி என்ன ஆகிறது என்று கணக்கிட்டுப் பாருங்கள். அரை மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு மெய்ப்புள்ளி, அங்குலத்துக்கு 150 புள்ளிகள் கொண்ட ஸ்கேனில் மூன்று பிக்சல் அகலமே இருக்கும். அதை 3க்கு 3 சதுரம் என்று கொண்டால், நடுப் பிக்சலுக்கு ஒன்பது வாக்கு, பக்கங்களின் நடுவிலுள்ளவற்றுக்கு ஆறு வாக்கு, மூலைகளுக்கு நான்கே வாக்கு. மூலைகள் போய்ப் புள்ளி ஒரு கூட்டல் குறியாகச் சுருங்கும். சற்றே மங்கிய, 2க்கு 2 அளவுள்ள புள்ளியில் எந்தப் பிக்சலுக்கும் நான்குக்கு மேல் வாக்கில்லை. அது முற்றிலும் அழியும். 5க்கு 5 வடிகட்டியில் 25இல் 13 வாக்கு வேண்டும். 3க்கு 3 புள்ளிக்கு இருப்பதே ஒன்பதுதான், ஆகவே அதுவும் அழியும். நான் இழந்த புள்ளிகள் இந்தக் கணக்கின்படியே போயின. இலத்தீன் எழுத்து நூல்களுக்காக வகுத்த அமைப்புகளை அப்படியே எடுத்துக்கொள்வது தமிழ்ப் பக்கத்துக்குத் தகாது.

ஆகவே என் முடிவு இரண்டு. ஒன்று, புத்தகத்தை 300 புள்ளிக்குக் குறையாமல் ஸ்கேன் செய்யுங்கள்; அங்கே அதே புள்ளி ஆறு பிக்சல் குறுக்களவும் ஏறத்தாழ 28 பிக்சல் பரப்பும் பெறுகிறது. மற்றொன்று, வடிகட்டியை விட்டுவிட்டுத் திட்டுகளை எண்ணுங்கள்.

ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் மைப் பிக்சல்களின் கூட்டமே ஒரு திட்டு. படத்தை மேலிருந்து படித்துவந்து, இன்னும் குறியிடாத ஒரு மைப் பிக்சலைக் கண்டவுடன் அதன் முகவரியை ஒரு பட்டியலில் இட்டுக் குறியிடுங்கள். பட்டியலிலிருந்து ஒரு முகவரியை எடுங்கள். அதன் எட்டு அண்டைகளில் குறியிடாத மை எதுவோ அதைக் குறியிட்டுப் பட்டியலில் சேருங்கள். பட்டியல் காலியாகும்வரை இதைத் தொடருங்கள். காலியானதும் ஒரு திட்டு முடிந்தது. அதன் பிக்சல் எண்ணிக்கையையும் மேல், கீழ், இட, வல எல்லைகளையும் எழுதிவைத்துக்கொண்டு மேலே செல்லுங்கள். தன்னைத் தானே அழைக்கும் செயற்கூறாக இதை எழுதினால் சொற்கள் குறையும். ஆனால் பைத்தான் இயல்பாக ஆயிரம் அழைப்புகளுக்கு மேல் அனுமதிப்பதில்லை, ஒரு பெரிய எழுத்தே அந்த எல்லையைத் தாண்டிவிடும்.

இனி எந்தத் திட்டுகளை அழிப்பது என்ற கேள்வி. அந்தப் புத்தகத்திலேயே ஐயமின்றித் தெரியும் இருபது முப்பது மெய்ப்புள்ளிகளின் பிக்சல் எண்ணிக்கையைப் பாருங்கள். அவற்றுள் மிகச் சிறியதன் பாதிக்கும் குறைவானவற்றை மட்டும் தூசு என்று கொள்ளுங்கள். அதற்கு மேல் உள்ள ஐயமான அளவுகளுக்கு இடத்தைப் பாருங்கள். மெய்ப்புள்ளி எப்போதும் ஓர் எழுத்தின் தலைக்கு நேர் மேலே, மிகச் சிறிய இடைவெளியில் நிற்கும். சிறிய திட்டுக்கு நேர் கீழே, எழுத்துயரத்தின் பாதிக்குள், ஒரு பெரிய திட்டு இருந்தால் அதைத் தொடாதீர்கள். ஆய்த எழுத்தின் மூன்று புள்ளிகளுக்கு இந்த விதி முழுவதும் பொருந்தாது என்பதால், ஒன்றுக்கொன்று அருகிலிருக்கும் ஒத்த அளவுள்ள திட்டுகளையும் விட்டுவைக்கச் சொல்லும் ஒரு விதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். விதிக்குள் அடங்காத தூசு சில எஞ்சத்தான் செய்யும். பக்கத்தில் பத்துத் தூசு இருப்பது ஒரு புள்ளி குறைவதைவிட நல்லது.

சுருக்கிக் காட்டும்போது

இணையத்தில் இடுவதற்காகப் பக்கத்தைப் பாதியளவாகச் சுருக்க, நான்கு பிக்சல்களின் சராசரியை ஒன்றாக்குவது வழக்கம். பிக்சலின் எண் ஒளியின் அளவுக்கு நேர்விகிதமாக இல்லை என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். பெரும்பாலான படங்கள் பின்பற்றும் எஸ்ஆர்ஜிபி முறையில் 128 என்பது வெள்ளையின் ஒளியில் ஏறத்தாழ 22 விழுக்காடுதான். சரிபாதி ஒளிக்குரிய எண் 188. கருப்பும் வெள்ளையும் சமமாகக் கலந்த இடத்துக்கு 128 கொடுத்தால் எழுத்து சற்றுத் தடித்துத் தோன்றும். எண்களை முதலில் ஒளி அளவாக மாற்றிச் சராசரி கண்டு, பிறகு திரும்ப எண்ணாக்குவதே துல்லியமான முறை. ஆயினும் மெல்லிய கோடுகள் கொண்ட தமிழ் அச்சுக்கு, சற்றுத் தடித்துத் தெரிவது படிப்பவருக்கு உதவியாகவே இருக்கிறது. ஆகவே நான் நூல் பக்கங்களுக்கு எளிய சராசரியையும், அட்டைப்படங்களுக்குத் துல்லியமான முறையையும் கையாளுகிறேன். கருப்பு வெள்ளையாக்குவதற்கு முன் சாம்பல் படத்திலிருந்தே சுருக்க வேண்டும். அதற்குப் பின் சுருக்கினால் புள்ளிகள் மறுபடியும் ஆபத்துக்கு உள்ளாகும்.

சரிபார்த்தல்

நிரல் முடிந்தவுடன் துலங்கிய பக்கத்தை மட்டும் பார்த்தால் எது போயிற்று என்பது தெரியாது. இல்லாததைக் கண் தேடாது. எனவே மூன்றாவதாக ஒரு படம் உருவாக்குங்கள். மூலப் பக்கத்தை வண்ணத்தில் எடுத்துக்கொண்டு, நிரல் அழித்த ஒவ்வொரு திட்டின் பிக்சல்களுக்கும் 255, 0, 0 என்ற மதிப்பைக் கொடுங்கள். அழிந்தவை அனைத்தும் பழுப்புத் தாளின்மேல் செக்கச்செவேலென்று தெரியும். எழுத்துகளின் தலைமேல் எங்கேனும் சிவப்பு இருக்கிறதா என்று வரிவரியாகப் பார்த்துச் செல்லுங்கள். ஒரு பக்கத்துக்கு ஐந்து நிமிடம் ஆகும். ஒரு புத்தகத்தின் முதல் பத்துப் பக்கங்களை இப்படி முழுமையாகவும், அதன்பின் அச்சோ தாளோ மாறும் இடங்களிலும் பார்த்தால் போதும். ஒரு மெய்யின் தலையில் சிவப்பைக் கண்டால், தூசின் அளவு எல்லையை ஒன்றிரண்டு பிக்சல் குறைத்து, மூல ஸ்கேனிலிருந்து முழுப் புத்தகத்தையும் மறுபடியும் ஓட்டுங்கள். அழித்த திட்டுகளின் எண்ணிக்கையை ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கோப்பில் எழுதிவைத்தால், அண்டைப் பக்கங்களைவிடத் திடீரென்று மிகுதியாக அழித்த பக்கம் எதுவென்று உடனே தெரியும். முதலில் திறந்து பார்க்க வேண்டிய பக்கம் அதுவே.